சம்பளமில்லாத வேலைக்குள் சம்பளம் வந்தபோது

பன்னிரண்டாயிரம் டொலர். 2006ஆம் ஆண்டின் மாற்று விகிதப்படி எமது பணத்தில் பன்னிரண்டு இலட்சம் ரூபாவைச் சற்றுத் தாண்டும். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி ஒரே நாளில் கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிடக்கூடிய தொகைதான். ஆனால் இந்தத் தொகையின் பேரில், உலகெங்கும் பரந்து வாழும் சுமார் ஆயிரம் பேரைக் கொண்ட ஓர் அமைப்பு, தன் தலைவரைப் பதவி நீக்குவதா இல்லையா என்று வாக்கெடுப்பு நடத்தியது. வருடக்கணக்காக ஒரு சதமும் வாங்காமல் உழைத்து வந்த சிலர் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். பணத்தை எவரும் கையாடவில்லை. கணக்கில் பிழையில்லை. இன்னும் சொல்லப்போனால் அது அமைப்பின் பணமே அல்ல. வெளியில் திரட்டப்பட்ட நன்கொடை.

அந்த அமைப்பின் பெயர் டெபியன். கணனித்துறை எனது தொழிலல்ல. ஆனால் சங்கம், சம்மேளனம், பொதுப்பணம், பொதுக்கூட்டம் என்று பல வருடங்கள் அலைந்தவன் என்ற வகையில், இந்தக் கதையில் வருபவர்கள் எல்லோரும் எனக்கு ஏற்கனவே பழக்கமானவர்கள் போலவே தோன்றுகிறார்கள். பெயரும் ஊரும்தான் வேறு.

முதலில் டெபியன் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். கணனியை இயக்குவதற்கு அடிப்படையாக ஒரு மென்பொருள் வேண்டும். நம்மில் பலருக்குத் தெரிந்தது விண்டோஸ். அது மைக்ரோசொப்ட் கம்பனியின் சொத்து. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவர் பார்க்க முடியாது. இதற்கு மாறாக, எழுதியதை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், விரும்பினால் விற்கவும் செய்யலாம் என்று அனுமதிக்கும் மென்பொருள்கள் உண்டு. திறந்த மூல மென்பொருள் என்பது இதுதான். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இவற்றில் பெயர் பெற்றது. ஆனால் லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அச்சிட முடியாது. பல நாடுகளில் பலர் தனித்தனியாக எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, பழுது நீக்கி, ஒரே இடத்தில் அடுக்கி வைக்க ஆட்கள் வேண்டும். எமது பாஷையில் சொன்னால், உற்பத்தியாளர் வேறு, மொத்தக் களஞ்சியம் வேறு. டெபியன் அந்தக் களஞ்சியம்.

1993 ஓகஸ்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டொக் இதை ஆரம்பித்தார். பின்னாளில் தனக்கு மனைவியாக வந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று பெயர் வைத்தார். களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாக ஒருவரோ ஒரு குழுவோ இருப்பார்கள். 2007இல் வெளியான பதிப்பில் சுமார் 18,000 பொதிகள் இருந்தன. இவற்றைப் பராமரிப்பவர்களுக்கு டெபியன் சம்பளம் கொடுப்பதில்லை. சிலர் வேறு கம்பனிகளில் தொழில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள், சிலர் மாணவர்கள், சிலர் இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு செய்பவர்கள். இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் பெருங்கணனிகள் பலவற்றில் ஓடுவது டெபியன் அல்லது டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு. டெபியனை ஒரு கணனியில் நிறுவும்போது வரும் அறிவுறுத்தல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் தெரிவு செய்துகொள்ளலாம். அதை மொழிபெயர்த்தவர்களும் கூலி வாங்காதவர்கள்தான்.

இப்படியான ஓர் அமைப்பில் யார் யாருக்கு உத்தரவிடுவது?

டெபியனின் யாப்பு 1998 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் ஆரம்பத்திலேயே ஒரு விதி இருக்கிறது. அமைப்பிற்காக வேலை செய்யும் கடப்பாடு எவருக்கும் கிடையாது. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விருப்பமில்லாவிட்டால் செய்யாமல் விடலாம். ஆனால் முறைப்படி எடுக்கப்பட்ட தீர்மானங்களுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது. இதை முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி எழுதி வைத்தால் எந்த வியாபாரம் நடக்கும்? பிறகு யோசித்துப் பார்த்தால், எமது சங்கங்களிலும் உண்மையில் நடப்பது இதுதான். நாம் அதை எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். எழுதி வைக்காததால் செயலாளர் கட்டளையிடுகிறார், உறுப்பினர் தலையாட்டிவிட்டு வராமல் விடுகிறார்.

தலைவர் ஒவ்வொரு வருடமும் தெரிவு செய்யப்படுகிறார். வாக்களிப்பவர் ஒருவரை மட்டும் தெரிவு செய்யாமல், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். எமது ஜனாதிபதித் தேர்தலிலும் விருப்பு வாக்கு அடையாளமிட இடமுண்டு. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக இரண்டாவது விருப்பை எண்ண வேண்டி வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டெபியனில் எண்ணும் முறை வேறு. ஒவ்வொரு வேட்பாளரையும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியாக மோதவிட்டுப் பார்ப்பார்கள். அதைவிடச் சுவையானது, ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்பதும் ஒரு வேட்பாளர் மாதிரி வரிசையில் நிற்கும். அதைத் தோற்கடிக்க முடியாதவர் தலைவராக முடியாது.

ஒரு பிரேரணையைக் கொண்டுவர, முன்மொழிபவரோடு இன்னும் ஐந்து பேர் போதும். கோரத்தை உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆயிரம் பேர் என்றால், நாற்பத்தெட்டுப் பேர் அளவில் வாக்களித்தாலே தீர்மானம் செல்லும். பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேராமல் மூன்று முறை ஒத்திவைத்த சங்கங்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பணத்தின் விடயம் இன்னும் வித்தியாசமானது. டெபியனுக்குச் சட்டப்படி பதிவு கிடையாது. தன் பெயரில் வங்கிக் கணக்கும் கிடையாது. 1997இல் இதற்கென்றே அமெரிக்காவில் ‘சொப்ட்வெயார் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்ற இலாபநோக்கற்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் இதேபோன்ற நிறுவனங்கள் உண்டு. அவை டெபியனின் பணத்தை அமானிதமாக வைத்திருக்கின்றன. எதற்குச் செலவிடுவது என்பதைத் தலைவர் உறுப்பினர்களுடன் கலந்து தீர்மானிப்பார். பணத்தை வைத்திருப்பவர் செலவைத் தீர்மானிப்பதில்லை, தீர்மானிப்பவரின் கையில் பணமில்லை. வழக்கமான செலவுகள் கணனிகள், அவற்றின் பராமரிப்பு, தொண்டர்கள் சந்திக்கும் கூட்டங்களுக்கான பிரயாணம் போன்றவை. வருடாந்த மாநாடு 2023இல் கேரளாவின் கொச்சியில் நடந்தது. வேலைக்குச் சம்பளம் என்று ஒரு வரி அந்தச் செலவுப் பட்டியலில் வருவதில்லை.

இனி 2006க்கு வருவோம். டெபியன் தன் புதிய பதிப்பை வெளியிடுவதில் தாமதத்துக்குப் பெயர் போனதாக இருந்தது. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு, அதற்கடுத்தது 2005 ஜூனில். ஏறத்தாழ மூன்று வருட இடைவெளி. இதற்கிடையில் தென்னாபிரிக்கச் செல்வந்தர் மார்க் ஷட்டில்வர்த் கனொனிகல் என்ற கம்பனியை நிறுவி, டெபியனின் திறமைசாலிகள் பலரைச் சம்பளத்துக்கு எடுத்து, டெபியனின் பொதிகளை வைத்தே 2004 ஒக்டோபரில் உபுண்டுவை வெளியிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்துக் கொடுத்தார். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. களஞ்சியம் திறந்துதான் கிடந்தது. ஆனால் மூலக் களஞ்சியக்காரர்களுக்கு மனம் எப்படியிருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரர் உங்கள் சரக்கை எடுத்துப் புதிய உறையில் போட்டு, உங்களுக்கு முன்னால் சந்தைக்கு வந்துவிட்டார்.

அப்போது தலைவராக இருந்தவர் அவுஸ்திரேலியரான அந்தனி டவுன்ஸ். அடுத்த பதிப்பு, அதன் பெயர் எட்ச், 2006 டிசம்பர் 4ஆம் திகதி வெளிவர வேண்டும் என்பது திட்டம். பதிப்பு வெளியீட்டுக்குப் பொறுப்பாக இருவர் இருந்தார்கள். அவர்கள் ஆளுக்கு ஒரு மாதம் வேறு வேலை பார்க்காமல் முழு நேரமும் இதிலேயே இருந்தால் நாள் தவறாது என்று டவுன்ஸும் வேறு சிலரும் கருதினர். அதற்கு ஆளுக்கு 6,000 டொலர். டெபியனின் பணத்தைத் தொட்டால் பிரச்சினை வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே ‘டங்க்-டாங்க்’ என்ற பெயரில் வெளியில் தனியாக ஒரு முயற்சியை ஆரம்பித்து, நன்கொடை திரட்டினார்கள். இது டெபியன் அல்ல என்று அறிவித்தார்கள்.

வெடித்தது. செப்டெம்பரில் அறிவித்தார்கள், ஒக்டோபரில் தலைவரை நீக்கும் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. பிரேரணை தோற்றது, டவுன்ஸ் தப்பினார். ஆனால் மனக்கசப்பு தீரவில்லை. நீண்டகாலத் தொண்டர்கள் பலர் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். இதுவரை நிறைய வேலை செய்தவர்கள் உற்சாகமிழந்து ஒதுங்குகிறார்கள் என்பது அதன் சாரம். இன்னொரு கூட்டத்தார் ‘டங்க்-பாங்க்’ என்று கேலிப் பெயர் வைத்து ஒரு போட்டி முயற்சி தொடங்கினார்கள். அதன் நோக்கம் எட்ச் பதிப்பில் முடிந்தளவு பிழைகளைக் கண்டுபிடித்து அறிவிப்பது. பிழை கண்டுபிடிப்பது நல்ல வேலைதானே, எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிழை கூடக்கூட வெளியீடு தள்ளிப்போகும். சங்க அரசியலில் இவ்வளவு நேர்த்தியான முட்டுக்கட்டையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டிசம்பர் 4 வந்து போனது. எட்ச் வெளிவரவில்லை. 2007 ஏப்ரல் 8ஆம் திகதிதான் வெளிவந்தது, நான்கு மாதம் பிந்தி. முந்திய மூன்று வருடத் தாமதத்தோடு பார்த்தால் இது பெரிதல்ல என்று சொல்வாரும் உண்டு. நாள் குறித்துக் காசும் கொடுத்த பிறகு நான்கு மாதம் பெரிதுதான் என்பது எனது கருத்து.

இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது இலகு. எனக்குத் தெரிந்த ஒரு கடைத்தெருச் சங்கத்தில் இரவுக் காவலுக்கான பணத்தை மாதாமாதம் கடை கடையாகச் சேகரிக்க ஆறு பேர் இருந்தார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு பல வருடம் சும்மாவே அலைந்தார்கள். ஒரு புதிய நிர்வாகம் வந்து, கூடுதலாக அலைகிற இருவருக்கு மட்டும் சிறிய கொடுப்பனவு ஒன்றை அனுமதித்தது. நியாயமான தீர்மானம்தான், அவர்கள்தான் கூடுதலாக அலைந்தார்கள். மூன்றாவது மாதம் மற்ற நால்வரும் வரவில்லை. ‘காசு வாங்குகிறவர்கள் போகட்டுமே’ என்றார்கள். அந்த நால்வரில் ஒருவரிடம் உங்களுக்கும் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் உழைப்புக்கு இப்படி விலை போடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அதற்கு விலையே இருக்கவில்லை. விலை இல்லாத வரைக்கும் அது பெரியது.

டெபியனில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. தொண்டர் வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்பது ஒன்று. அந்தக் காசு யாருக்கு என்று தெரிவு செய்வது யார் என்பது மற்றொன்று. முதலாவது கேள்வியில் எதிர்த்தவர்களின் வாதம் எனக்கு முழுதாக ஒப்பில்லை. கனொனிகலிலும் வேறு கம்பனிகளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு டெபியனுக்காக வேலை செய்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், அதை எவரும் தடுக்கவில்லை. இரண்டாவது கேள்வியில்தான் டவுன்ஸ் சறுக்கினார். தனக்கென்று அவர் எதையும் எடுக்கவில்லை. அவரது நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் டெபியனின் தலைவரும் அவர், வெளியில் நின்று காசு கொடுக்கும் குழுவிலும் அவர். கல்லாப்பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே ஆள் நின்றால், இரண்டு கடை என்று பலகை தொங்கவிட்டு என்ன பயன்? ஆயிரம் பேரில் இவர் இருவரின் உழைப்புத்தான் காசு பெறத் தகுந்தது என்று அமைப்பே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. காசு கொடுக்காமலே விட்டால் என்னவாகும் என்பதற்கு 2014 ஏப்ரலில் உலகம் ஒரு பாடம் படித்தது. இணையத்தில் நாம் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும் அட்டை இலக்கத்தைக் கொடுக்கும்போதும் தகவல் களவு போகாமல் பூட்டுப் போடும் மென்பொருள்களில் முக்கியமானது ஓபன்-எஸ்.எஸ்.எல். அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின்தான் பலர் விசாரித்தார்கள், இந்தப் பூட்டைச் செய்பவர்கள் யார் என்று. முழு நேரமாக இருந்தவர் ஒரே ஒருவர். வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டொலர். உலகின் மிகப் பெரிய கம்பனிகள் எல்லாம் அந்தப் பூட்டை இலவசமாக எடுத்துப் பாவித்துக்கொண்டிருந்தன. வெட்கம் வந்ததோ பயம் வந்ததோ, அதே மாதம் கூகுள், மைக்ரோசொப்ட், பேஸ்புக், ஐ.பி.எம். உட்படப் பத்துக்கு மேற்பட்ட கம்பனிகள் ஆளுக்கு வருடம் ஒரு இலட்சம் டொலர் வீதம் மூன்று வருடம் தருவதாக லினக்ஸ் பவுண்டேஷன் ஊடாக முன்வந்தன. வீடு எரிந்தபின் கிணறு வெட்டுவதில் பெரிய கம்பனிகளும் நம்மைப் போலத்தான்.

அதே 2014இல் டெபியனும் சம்பளப் பிரச்சினைக்கு மீண்டும் முகம் கொடுத்தது. பழைய பதிப்புகளைப் பாவிக்கும் கம்பனிகள் அவற்றுக்கு இன்னும் சில வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்று கேட்டன. புதிய சரக்கில் ஆர்வமுள்ள தொண்டர்களுக்குப் பழைய சரக்கைத் தட்டிக்கொண்டிருக்க விருப்பமில்லை. செய்யும் கடப்பாடு எவருக்கும் இல்லை என்று யாப்பே சொல்கிறது. ஆகவே பிரெக்சியன் என்ற பிரெஞ்சுக் கம்பனி அந்த வேலையை ஏற்பாடு செய்தது. தேவைப்படும் கம்பனிகள் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டும், விரும்பிய டெபியன்காரர்கள் அந்த மணித்தியாலங்களை எடுத்து வேலை செய்து கூலி பெறுவர். பணம் டெபியனின் கணக்குக்கு வராது. யாருக்குக் கொடுப்பது என்பது தலைவரின் வேலையும் அல்ல. கூலி பெற்றவர் என்ன செய்தார் என்ற அறிக்கை மாதாமாதம் எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகிறது. இதற்காக எந்தத் தலைவரும் பதவி நீக்கப் பிரேரணைக்கு முகம் கொடுக்கவில்லை. தொண்டர்கள் எவரும் செய்ய விரும்பாத வேலைக்குத்தான் கூலி போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல் கூலி போனது பலரும் பெருமையாகக் கருதிய வேலைக்கு.

பணம் அதிகமாகச் சேர்ந்தாலும் குறை தீர்வதில்லை. 2019 மார்ச்சில் ஹேண்ட்ஷேக் என்ற அமைப்பிடமிருந்து டெபியனுக்கு மூன்று இலட்சம் டொலர் நன்கொடை வந்த செய்தி வெளியானது. அதே மாதம் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் செய்யும் காலம் முடிந்தபோது ஒருவர்கூட முன்வந்திருக்கவில்லை. பெட்டியில் காசு, நாற்காலியில் ஆளில்லை. யாப்பில் இதற்கும் வழி இருந்தது, காலத்தை ஒரு வாரம் நீடித்தார்கள். பிறகு சிலர் முன்வந்து, சாம் ஹார்ட்மன் தெரிவானார். உத்தரவிட அதிகாரமில்லாத, சம்பளமுமில்லாத, எல்லோருடைய முறைப்பாட்டையும் கேட்க வேண்டிய பதவிக்கு யார்தான் அவசரப்படுவார்?

அப்படியானால் தாமதம் என்ற அந்தப் பழைய வியாதிக்கு மருந்து எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாட்காட்டியிலிருந்து என்றுதான் எனக்குப் படுகிறது. 2009இல் டெபியன் ஒரு முடிவெடுத்தது. எந்தக் காலத்தில் புதிய பொதி சேர்ப்பதை நிறுத்தி, பிழை திருத்தம் மட்டும் செய்வது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவது. வருட முடிவில் கடையைச் சாத்தி இருப்பு எடுக்கும் நாளை முன்பே சொல்லிவிடுவது போல. முதல் முறை அறிவித்த திகதிக்கே எதிர்ப்புக் கிளம்பி அதை மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் வழக்கம் நிலைத்துவிட்டது. தன் ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, எப்போது தேவைப்படுவோம் என்று முன்பே தெரிவது பணத்தைவிடப் பெரிய உதவி.

2009, 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 என்று ஒற்றை வருடங்களில் ஒன்று தவறாமல் டெபியனின் புதிய பதிப்பு வெளிவந்திருக்கிறது. இந்த ஒன்பதில் எதற்காகவும் டெபியன் தன் நிதியிலிருந்து எவருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளியானது 13ஆவது பதிப்பு. அதற்கு 2028 ஓகஸ்ட் வரை திருத்தங்கள் வழங்குவது கூலி வாங்காதவர்களின் பொறுப்பு. அதன்பின் 2030 ஜூன் வரை கூலி வாங்குபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.